காரைத் தாழ்த்துவதற்கு முன், சக்கரம் வாங்குவதற்கு முன்

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறேன். 2017ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 2 லிட்டர் வண்டியைப் பழையதாக வாங்கினேன். ஓட்ட அருமையாக இருக்கிறது. ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணை உறுத்துகிறது. வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, கோய்லோவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) வாங்க வேண்டுமா? தெரிந்தவர் ஒருவர் 17 இன்ச், 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 35 உள்ள அலாய் சக்கரங்களை மலிவாகத் தருகிறார். வாங்கிவிடலாமா?

பதில்: சக்கரத்தை இப்போது வாங்காதீர்கள். வண்டி எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்பது முடிவான பிறகுதான் எந்தச் சக்கரம் பொருந்தும் என்று சொல்ல முடியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் சக்கரத்தை வாங்கி, அது உரசுகிறது என்று மட்கார்டின் விளிம்பை மடக்கி, அதில் பெயின்ட் விரிசல் விட்டு, கடைசியில் சக்கரத்தை நஷ்டத்துக்கு விற்பவர்கள் நிறைய.

முதலில் உயரம். அந்த இடைவெளியைக் குறை என்று நினைக்காதீர்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் மேலெழும்ப வேண்டிய இடம் அது. உங்கள் வண்டிக்குக் கிடைக்கும் நல்ல ஸ்பிரிங் செட்டுகள் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை தாழ்த்தும். கார் பந்தயத் தடத்துக்கே போகாத வண்டி என்றால் அது போதும். பழைய ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லாமல் இருந்தால் அவற்றோடே போடலாம். வண்டி நிறைய ஓடியிருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள். உயரத்தை மி.மீ. கணக்கில் கூட்டிக் குறைக்க வேண்டும், தடத்தில் ஓட்டுவேன் என்றால் மட்டுமே கோய்லோவர். அதன் விலை பல மடங்கு. அதிலும் மலிவானதை வாங்குவதைவிடக் கம்பெனி ஸ்பிரிங்கோடு இருப்பது மேல் என்பதுதான் என் கருத்து.

இனி சக்கரக் கணக்கு. உங்கள் வண்டியில் இப்போது இருப்பது 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 உள்ள 17 இன்ச் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். 8 இன்ச் என்றால் அகலம் 25.4 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 45லிருந்து 35க்கு இறங்குவதால் இன்னும் 10 மி.மீ. வெளியே. ஆக, வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே தள்ளும், உள் விளிம்பு 2.7 மி.மீ. மட்டுமே உள்ளே போகும். தாழ்த்திய வண்டியில் 22.7 மி.மீ. மிக அதிகம். முழு எடையோடு திருப்பத்தில் மேடு ஏறினால் மட்கார்டு விளிம்பில் உரச வாய்ப்பு உண்டு. எம்.ஓ.டி. என்னும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையிலும் டயர் உடலில் உரசினால் தேறாது. அதே 8 இன்ச்சில் ஆஃப்செட் 45 அல்லது 7.5 இன்ச்சில் 45 பார்த்தால் நிம்மதி.

டயரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கம்பெனி அளவான 205/45 ஆர்17 (205 மி.மீ. அகலம், அதில் 45 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 இன்ச் சக்கரம்), 6.5 முதல் 7.5 இன்ச் வரையிலான சக்கரத்துக்கானது. 8 இன்ச்சில் போட்டால் பக்கச்சுவர் இழுபட்டு நிற்கும். சிலர் அதை அழகு என்பார்கள். பள்ளத்தில் விளிம்பு அடிபடும்போது அந்த அழகுக்கு விலை தெரியும். 8 இன்ச்சுக்கு 215/45 போட்டால் டயரின் விட்டம் 9 மி.மீ. கூடும். தாழ்த்தியதில் மிச்சமிருந்த இடத்தில் 4.5 மி.மீ. அதற்கே போய்விடும்.

சக்கரம் பார்க்கப் போகும்போது டயர் இல்லாத வெறும் சக்கரத்தையே வண்டியில் மாட்டிப் பாருங்கள். நான்கு துளை, 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 54.1 மி.மீ. என்பது உங்கள் வண்டியின் அளவு. நடுத்துளை பெரிதாக இருந்தால் இடையில் வளையம் போட வேண்டும். பிரேக் காலிபருக்கும் ஆரங்களுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். உள்பக்கம் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. போன்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இல்லாத நகல் சக்கரங்களைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: தனிநபரிடம் வாங்கினால், சொன்னது ஒன்று கொடுத்தது வேறு என்றால்தான் சட்டம் உதவும். தரம் சரியில்லை என்று கேட்க முடியாது. வணிகரிடம் ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் டயர் ஏற்றிவிட்ட சக்கரத்துக்கு அவர்கள் பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியும்.

கேள்வி: ஒரு பட்டறையில் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். மூன்றே மாதத்தில் முன் டயர்களின் உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. தாழ்த்திய வண்டி அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. தாழ்த்தினால் கேம்பர் மாறும், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி கொஞ்சம் உள்ளே சாயும். அதனால் மட்டும் மூன்று மாதத்தில் டயர் தேயாது. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டுப்போனால்தான் இவ்வளவு வேகமாகத் தேயும். உங்களுக்கு அலைன்மென்ட் (இந்தச் சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்யவே இல்லை என்று சந்தேகிக்கிறேன். வேறொரு இடத்தில் நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்து, திருத்துவதற்கு முந்தைய அளவுகளை அச்சிட்டு வாங்குங்கள். அதுதான் உங்கள் சாட்சி. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். மறுபடி சரியாகச் செய்து தரச் சொல்லி, முடியாவிட்டால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

கூடவே இன்னொன்றைக் கேளுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்கினார்களா? லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி சரியான உயரத்துக்கு இறங்காது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலர் விடும் வேலை இது.

கேள்வி: கோய்லோவர் மாட்டிய பின் இடது முன்பக்கம் மட்டும் 8 மி.மீ. உயரமாக இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் திருகி இறக்கலாமா?

பதில்: முதலில் எங்கிருந்து அளந்தீர்கள் என்று பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் தரையின் சரிவும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும், அதுவும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு. மறுபடியும் வித்தியாசம் வந்தால் அந்த ஒரு மூலையை மட்டும் இறக்காதீர்கள். நான்கு கால் மேசையில் ஒரு காலை அறுத்த கதையாகிவிடும்: எடை குறுக்காக மாறி, எதிர்மூலை சக்கரத்தின் பாரமும் குறையும், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கு தராசுகள் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையையும் வைத்து, ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யும் வேலை இது. ஸ்பிரிங் தட்டை 5 மி.மீ. திருகினால் சக்கரத்தருகே அதைவிட அதிகமாக இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஷாக் அப்சார்பர் சக்கரத்துக்கு உள்பக்கமாக நிற்பதால் வரும் வித்தியாசம் அது. உயரத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் இரண்டையும் சரிபாருங்கள்.

கேள்வி: ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டால் இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: ஆம். ஸ்பேசர், ஸ்பிரிங், சக்கரம் எல்லாமே மாற்றம்தான். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். சொல்லாமல் விட்டு விபத்தானால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடம் கிடைக்கும். எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஸ்பேசர் போடத்தான் வேண்டும் என்றால் ஹப்பில் கச்சிதமாக உட்காரும் வகையையே வாங்குங்கள். ஸ்டட்டின் (சக்கர நட் ஏறும் புரியாணி) விட்டம் 12 மி.மீ. என்பதால் நட் குறைந்தது 12 மி.மீ. நீளத்துக்குப் புரியில் ஏற வேண்டும், அதாவது எட்டு முழுச் சுற்று. அதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றாமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.