கனத்த படகு ஏன் கவிழ்ந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியப் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் பழைய பாணிக் கனத்த படகுகளுக்கு மட்டுமே இடம் என்று சொல்லியிருந்தீர்கள். படகு கனமாக இருந்தால் அலை புரட்டாது, மெதுவாகப் போனால் ஆபத்து குறைவு என்றே நினைத்திருந்தேன். பிறகு எப்படி அவருடைய படகு கவிழ்ந்தது?

– ர.

அன்புள்ள ர.,

2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் அவருடைய படகு 'துரியா' கவிழ்ந்து நிமிர்ந்தபோது பாய்மரங்கள் ஒடிந்திருந்தன. முதுகெலும்பில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்த டோமியை மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் மீட்டது. துரியாவின் நீளம் ஏறத்தாழ 32 அடி. எடையைவிட இந்த நீளம்தான் முக்கியம்.

1979இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் 303 படகுகள் புயலில் மாட்டி 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தொட்டியில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்தார்கள். படகு நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள அலை விலாப்பக்கம் உடைந்து விழுந்தாலே படகு கவிழக்கூடும். 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய எந்தப் படகும் தப்பாது. 32 அடிப் படகுக்கு அது 19 அடி அலை. தென்கடல் புயலில் அது சாதாரணம். உடையாத அலை எவ்வளவு உயரமானாலும் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். உடையும் அலையில்தான் தண்ணீரே பாய்ந்து வந்து மோதுகிறது.

கனத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எடை அடியில், கீலில் (படகின் அடிப்பகுதியில் நீருக்குள் நீளும் கனத்த தகட்டில்) இருந்தால் கவிழ்ந்த படகு தானே நிமிரும். அகலமான, இலேசான படகு தலைகீழாகவே மிதந்து கிடக்கலாம். உச்சியில் நிற்கும் பாய்மரமும் ஒருவகைக் காவல்தான்: அந்த எடை அங்கே இருப்பதால் படகு சட்டென்று உருளாது. மரம் ஒடிந்த படகை அடுத்த அலை இன்னும் எளிதாகப் புரட்டும்.

ஆனால் கனம் மட்டும் காப்பாற்றாது. 1998இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டியில் மூழ்கிய 'வின்ஸ்டன் சர்ச்சில்' 1942இல் கட்டிய கனத்த மரப்படகு. அதில் இருந்தவர்களில் மூவர் இறந்தார்கள்.

வேகத்துக்கு வருகிறேன். சுக்கான் மேல் தண்ணீர் ஓடினால்தான் படகு திரும்பும். பின்னாலிருந்து அலை துரத்தும்போது வேகம் செத்துவிட்டால் படகு சொன்ன பேச்சு கேட்காது. தென் அமெரிக்காவின் தென்கோடி முனையான கேப் ஹார்ன் வழியில் பிரெஞ்சுப் படகோட்டி பெர்னார் மொய்தெஸியே, வேகத்தைக் குறைக்கப் பின்னால் இழுத்துவந்த கயிறுகளை அறுத்துவிட்டது இதனால்தான். மிதமிஞ்சி ஓடினாலோ மூக்கு முன் அலையில் குத்தி, படகு குட்டிக்கரணம் போடும். 2018 டிசம்பரில் அதே கோல்டன் குளோப் போட்டியில் ஓடிய சூசி குடாலின் படகுக்கு அப்படித்தான் நடந்தது. வேகத்தைப் பிடித்திருந்த இழுவைக் கயிறு அறுந்துபோனது.

வேகத்தின் பெரிய பயன் வேறு. தனியாளாக உலகைச் சுற்றும் இன்னொரு போட்டியான வாந்தே குளோப்பின் நவீனப் படகுகள் ஒரே நாளில் 400 கடல் மைலுக்கு மேல் ஓடும். புயல் வருவது தெரிந்தால் வழியை விட்டு விலகிவிடலாம். துரியா போன்ற படகு ஒரு நாளில் 150 மைல் போவதே பெரிய விஷயம். அதனால் அதில் போகிறவருக்குத்தான் வானிலைத் தகவல் முன்கூட்டியே வேண்டும். கோல்டன் குளோப் விதியோ செயற்கைக்கோள் வானிலை வரைபடங்களைத் தடுக்கிறது. பழமையைப் போற்றட்டும், அந்த ஒரு விதியை மட்டும் தளர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.