ஒரே கட்டியில் இரண்டு புற்றா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, பீடி பிடிப்பார். மாதக்கணக்கில் குரல் கம்மியே இருந்தது. குரல்நாணில் தொங்கிய சதையை எடுத்துச் சோதித்ததில் ‘கார்சினோசார்கோமா’ என்று ரிப்போர்ட். இரண்டு புற்று ஒன்றாக வந்துவிட்டது, நுரையீரலுக்குப் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டு இல்லை, ஒன்றுதான். குரல்வளையின் உள்தோலில் தொடங்கிய புற்றில் ஒரு பகுதி, நார்த்திசுப் புற்று (சார்கோமா) போலத் தோற்றம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வேறொரு லேப் இதையே ‘சார்கோமடாய்டு கார்சினோமா’ என்று எழுதலாம், குழம்ப வேண்டாம்.

பரவும் வழியும் வழக்கமான தொண்டைப் புற்றின் வழிதான்: முதலில் கழுத்து நெறிக்கட்டிகள், அப்புறம் நுரையீரல். ஆனால் அப்பாவுடையது குரல்நாணில் வந்தது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, அதனால் அங்கேயே நிற்கும் கட்டி கழுத்துக்கு இறங்கத் தாமதமாகும், குரல் கம்முவதால் சீக்கிரம் மாட்டியும்கொள்ளும். குரல்நாணுக்கு மேலே வந்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டேன், அங்கிருந்து இரண்டு பக்கக் கழுத்துக்கும் சீக்கிரமே போகும். குரல்நாண் அசைகிறதா, கட்டி ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அசையாமல் நின்றுவிட்டால் நான் சொன்ன ஆறுதல் செல்லாது.

சரி, இனிதான் முக்கியம். இந்த வகையை ஒரே ஸ்லைடைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கட்டியின் மேற்பரப்பு புண்ணாகி உதிர்ந்திருந்தால் நார் போன்ற செல்கள் மட்டுமே தெரியும், வெறும் சார்கோமா என்றோ சாதாரணப் புண் ஆறிய சதை என்றோ எழுதிவிடுவார்கள். ஆகவே சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கி, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், செல் எந்த வகை என்று சாயமேற்றிக் கண்டுபிடிக்கும் ஐ.எச்.சி. சோதனையும் அதிலேயே செய்யலாம். பிளாக் கேட்டால் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதுபோல முறைக்கிற லேப்கள் உண்டு. நாளைக்கு வா, கையெழுத்துப் போடுபவர் லீவு என்று ஒரு வாரம் இழுத்தடிப்பார்கள், எரிச்சலாக வரும். விடாதீர்கள், உங்கள் அப்பாவின் சதை அது.

மருத்துவமனை வாசலில் ‘சீக்கிரம் படுக்கை வாங்கித் தர்றேன், பெட் (PET) ஸ்கேன் நம்ம சென்டர்லயே எடுத்துடலாம்’ என்று ஒட்டிக்கொள்ளும் ஆளிடம் பைசா தராதீர்கள், அவருக்கு ஸ்கேன் சென்டரில் கமிஷன் இருக்கும். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சி.டி. பெரும்பாலும் முதலில் போதும், மேற்கொண்டு வேண்டுமா என்பதை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் சொல்லட்டும். முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு மருத்துவமனைக்குள்ளேயே கவுன்ட்டர் இருக்கிறது, அதற்கும் புரோக்கர் வேண்டாம். ‘கத்தி பட்டால் பரவும், லேகியம் சாப்பிடுங்கள்’ என்பவரிடம் ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

அப்பா பீடியை விட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கதிர்வீச்சு தேவைப்பட்டால், புகைத்துக்கொண்டே எடுப்பவருக்கு அது சரியாகப் பலன் தராது. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.