குழாயைத் திறந்துவிட்டு நின்ற நேரம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 29. பதினொரு மாத ஆண் குழந்தையின் தாய். என் கணவர் நல்லவர்தான். ஆனால் குழந்தை விஷயத்தில் அவருக்குப் பொறுப்பே இல்லை. வேலையிலிருந்து வந்ததும் அவனைத் தூக்கிக் கொஞ்சுவார். அவன் சிணுங்கத் தொடங்கினால் உடனே என்னிடம் நீட்டிவிடுவார். டயப்பர் மாற்றச் சொன்னால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக ஒட்டிவைப்பார். அதைப் பிரித்து நான் மறுபடியும் ஒட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு நானே செய்துவிடலாம் என்று இப்போது அவரிடம் சொல்வதே இல்லை.

மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். நான் அரை மணி நேரம் போராடினாலும் இரண்டு வாய்க்கு மேல் வாங்காதவன், அவர் ஊட்டினால் கிண்ணத்தைக் காலி செய்கிறான். அதை அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வேடிக்கை காட்டி ஊட்டக் கூடாது என்று நான் படித்திருப்பதால் இப்போது மூன்று வேளையும் நானே ஊட்டுகிறேன். என்னிடம் அவன் கரண்டியைத் தட்டிவிடுகிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறான். மற்றவர்களிடம் சமர்த்தாக இருப்பவன் என்னைக் கண்டால் மட்டும் அழுகிறான்.

இரவில் மூன்று, நான்கு முறை எழுந்துகொள்கிறான். கணவர் அசைவதே இல்லை. குழந்தை தூங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. சென்ற வாரம் ஒரு நாள் அவன் நிறுத்தாமல் அழுதபோது, அவனைத் தடுப்புக் கட்டிலில் விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய், அழுகை காதில் விழாதபடி குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, வெளியே வந்தபோது கட்டில் கம்பியில் சாய்ந்து நின்றவன் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினான். அது கிடக்கட்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்த கணவர் ஒரு வார்த்தைகூட என்னைப் பற்றிக் கேட்கவில்லை. இவர்கள் இருவரையும் எப்படித்தான் திருத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

டயப்பரைப் பற்றியும் கரண்டியைப் பற்றியும் இவ்வளவு எழுதிய நீங்கள், குளியலறையில் நின்றதை இரண்டே வாக்கியங்களில் சொல்லி, "அது கிடக்கட்டும்" என்று மூடிவிட்டீர்கள். அதை அப்படியே கிடக்க விட எனக்கு மனமில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அன்று நீங்கள் குழந்தைக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை. பொறுமை எல்லை கடக்கும் நேரத்தில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டுச் சில நிமிடங்கள் விலகி நிற்பதுதான் சரி. அந்த நிலையிலும் கையில் வைத்திருந்து, ஆத்திரத்தில் ஒரு முறை உலுக்கிவிட்டால்கூடக் குழந்தையின் மூளைக்கு ஆபத்து. குழாய் மட்டும் வேண்டாம். அவன் குரல் கேட்கும் தூரத்தில் இருங்கள்.

உங்களை உறுத்துவது அந்த நீட்டிய கைகள் என்று எனக்குப் படுகிறது. அவன் மனத்தில் காயம் தங்கியிருக்குமோ என்ற பயத்தைத்தான் கணவர் மேலான கோபமாக எழுதியிருக்கிறீர்கள். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை நடத்தினார். குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை அவளை மீட்க என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டு, தவித்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சோதனையின் இந்தப் பகுதிதான் பலருக்கும் தெரியும். ஆனால் சாதாரண நேரங்களிலேயே தாயும் குழந்தையும் சுமார் 30 சதவீத நேரம்தான் ஒத்திசைந்திருக்கிறார்கள் என்பதும் அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தது. மீதி நேரம் முழுவதும் தவறவிடுவதும், திரும்பி வந்து சரிசெய்துகொள்வதும்தான். அப்படித் திரும்பத் திரும்பச் சரியாவதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. நீங்கள் வருவீர்கள் என்று அறிந்த குழந்தைதான் கைகளை நீட்டும். உங்கள் மகன் அன்று நீட்டினான்.

உங்களைக் கண்டால் மட்டும் அழுகிறான் என்பதும் அதே கதைதான். எட்டாவது மாதத்தை ஒட்டித் தாயைப் பிரிவதில் குழந்தைக்கு அச்சம் தொடங்கும். ஒன்றரை வயது வரைகூட அது வலுவாக இருக்கும். மற்றவர்களிடம் அடக்கிவைத்ததை எல்லாம் அவன் உங்களிடம்தான் கொண்டுவந்து கொட்டுகிறான். கரண்டியும் உங்களை அவமதிக்க விழுவதில்லை. கீழே போனது அங்கேயே இருக்கிறதா, அம்மா எடுத்துத் தருவாளா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சிரிப்பு, ஒவ்வொரு முறையும் நீங்கள் எடுத்துத் தந்ததால் வந்த சிரிப்பு. அது உங்களுக்கு மகிழ்ச்சியாகத் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கணவருக்குப் பொறுப்பில்லை என்கிறீர்கள். அவர் ஒட்டிய டயப்பரைப் பிரித்து ஒட்டியவர் நீங்கள். மாமியார் ஊட்டினால் குழந்தை சாப்பிடுகிறான். அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டவரும் நீங்கள். வேடிக்கை காட்டி ஊட்டுவது நல்ல பழக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு வேளை அப்படி ஊட்டியதால் கெட்டுப்போகிற குழந்தை இல்லை. சிணுங்கியதும் குழந்தையை நீட்டிவிடுவதும், இரவில் அசையாமல் படுத்திருப்பதும் கணவரின் தவறுகள்தான். அதில் அவருக்காக நான் பேசப் போவதில்லை. ஆனாலும் தன்னைத் தவிர யார் செய்தாலும் தவறாகிவிடும் என்று நினைப்பவருக்கு எவராலும் உதவ முடியாது. கடைசியில் அவர் குழாய்ச் சத்தத்தில்தான் ஓய்வு தேட வேண்டியிருக்கும்.

குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியதையும் நான் கவனித்தேன். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் சில வாரங்களோடு முடிந்துவிடுவதில்லை. ஓராண்டுக்குள் எப்போதும் தொடங்கலாம். அதைக் கண்டறிய, 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்பது போன்ற எளிய கேள்விகள்தான். இந்த வாரமே ஒரு மருத்துவரைச் சந்தித்து அதை நிரப்புங்கள். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் எப்போதாவது வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

அதற்கு முன்னால், இன்றிரவே குளியலறையில் நின்றதைக் கணவரிடம் சொல்லுங்கள். குறையாகச் சொல்லாமல், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில், அந்தக் கைகள் வரைக்கும் சொல்லுங்கள். பிறகு வாரத்தில் இரண்டு இரவுகள் குழந்தை எழும்போது அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் வேறு அறையில் படுங்கள். காலையில் டயப்பர் கோணலாக இருந்தால் இருக்கட்டும். கசிந்தால் அவரே மாற்றுவார்.