மோதிர விரல் நீளமென்றால் கருவிலேயே ஆண் ஹார்மோன் அதிகமா?

கும்பகோணத்திலிருந்து கேட்டவருக்கு: ஒரு கையைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஆள்காட்டி விரல் நீளத்தை மோதிர விரல் நீளத்தால் வகுங்கள். 72 மி.மீ., 75 மி.மீ. என்றால் விகிதம் 0.96. ஆண்களின் சராசரி பெண்களுடையதைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். இரு பாலாரின் அளவுகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. 1998-இல் ஜான் மேனிங் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வுக்குப் பிறகு இந்த விகிதம் பிரபலமானது. கருக்கால டெஸ்டோஸ்டிரோனோடு, அதாவது ஆண் ஹார்மோனோடு, இதற்குள்ள தொடர்புக்கான சான்று இன்னமும் மறைமுகமானதே.

அளப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். உள்ளங்கைப் பக்கம், விரலடியில் இரண்டு ரேகை இருந்தால் கீழ் ரேகையிலிருந்து நுனிச்சதை வரை, நகம் சேராது. தையல்காரர் டேப் உதவாது, லேத் பட்டறையில் நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி வேண்டும். மேலே சொன்ன 72, ஒரு மில்லி பிசகி 73 ஆனால் விகிதம் 0.97-ஐத் தாண்டும், ஆண்-பெண் சராசரி வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஜெராக்ஸ் கண்ணாடியில் அழுத்தினால் சதை நசுங்கி அளவு மாறும். கதிர் அரிவாள் பட்டு நுனி போன விரலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.