சிட்டி ஹைபிரிட்டா, ஹைரைடர் ஹைபிரிட்டா: எதை எடுப்பது?

இரண்டுமே பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள். ஓட்டும் சுகம்தான் முக்கியம் என்றால் ஹோண்டா சிட்டி. மோட்டாரின் 253 நியூட்டன் மீட்டர் இழுவை உடனே கிடைப்பதால் சிக்னலில் தயங்காமல் கிளம்பும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலை இழுத்தால் கியர் மாறாது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி எவ்வளவு இழுத்துப் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என்பதுதான் மாறும். பழகிவிட்டால் பிரேக்குக்குக் கால் போவதே குறையும். ஏசிக்குத் திருகும் குமிழ்கள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கை தேடிக்கொள்ளும்.

டொயோட்டா ஹைரைடரின் மேல் ரகங்களில் 9 அங்குலத் திரை, சிட்டியில் 8. சரி, ஓர் அங்குலத்துக்காக யார் கார் மாற்றப்போகிறார்கள்? அழுத்தி மிதித்தால் 3 சிலிண்டர் இன்ஜின் முனகுவது உள்ளே கேட்கும். பின்னால் பேட்டரி இருப்பதால் 373 லிட்டர் டிக்கி 265 ஆகிவிடுகிறது. சிட்டியிலும் இதே கதைதான். அப்புறம், உங்கள் தெருவில் வேகத்தடைகள் அதிகமென்றால் உயரமான ஹைரைடரே நிம்மதி.