பழைய சர்வரை மாற்றுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

அலுவலகக் கோப்புகளைப் பகிரும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் 2010-ல் 80 ஜிபி இருக்கிறது. நேராக 2019-க்குத் தாவலாமா? (குன்னூர்)

முடியாது. கோப்புகளெல்லாம் உள்ள கன்டென்ட் டேட்டாபேஸை 2013, 2016, 2019 என்று படிப்படியாக இணைத்துத்தான் ஏற்ற வேண்டும். 2010 தோற்றத்திலேயே நிற்கும் சைட்டுகளை 2013 படியில் புதுப்பிக்காவிட்டால் 2016 ஏற்காது. இத்தனை பாடுபட்டுப் போய்ச் சேரும் 2019-க்கும் ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். வெறும் கோப்புகளும் லிஸ்ட்டுகளும் என்றால், மைக்ரோசாஃப்டின் இலவச மைக்ரேஷன் டூல் நேராக ஷேர்பாயிண்ட் ஆன்லைனுக்கு எடுத்துப்போகும். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் உண்டு, அதைக் கணக்கில் வையுங்கள். ஒருமுறைகூட செக்-இன் ஆகாத (திருத்தி முடித்துவிட்டேன் என்று பதியாத) கோப்பு போட்டவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். லைப்ரரி செட்டிங்ஸில் அவற்றை உங்கள் பெயருக்கு மாற்றி, செக்-இன் செய்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், பேக்கப்பை வேறு மெஷினில் மீட்டுப் பாருங்கள்.

சர்வர் ரொம்ப மெதுவாக இருக்கிறது. புதிது வாங்கலாமா? (கோத்தகிரி)

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எத்தனை பேர், ரேம் எவ்வளவு? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? எழுதுங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

200 ஜிபி, அப்லோடு 10 எம்பிபிஎஸ். ஓர் இரவில் ஏறுமா? (கூடலூர்)

மணிக்கு 4.5 ஜிபி. முழு வேகம் கிடைத்தாலே 45 மணி நேரம். மழைக்காலத்தில் கரண்ட் போய்வந்தால் ஒரு வாரம். விண்டோஸின் பிட்லாக்கரில் பூட்டிய டிஸ்க்கில் முழு நகலை எடுத்து, புதிய சர்வர் இருக்கும் இடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோங்கள். பிறகு சனி இரவு எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, மாறியவற்றை மட்டும் விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் அனுப்புங்கள். சேரிடத்தை மூலத்தைப் போலவே ஆக்கும் மிர் (/MIR) சுவிட்ச் போட்டால் மூலம் எது, சேரிடம் எது என்று இரண்டு தடவை படியுங்கள். மாற்றிக் கொடுத்தால் உள்ளதும் துடைத்துக்கொண்டு போய்விடும்.

லினக்ஸில் ஓடும், கோப்பு பகிரும் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுடுக்கு மாற்றும்போது சில தமிழ்ப் பெயர்க் கோப்புகள் மட்டும் ‘பெயர் நீளம்’ என்று நின்றுவிடுகின்றன. ஏன்? (ஊட்டி)

பெயரிலேயே முழுக் கடிதத்தையும் எழுதுவதால்தான். எத்தனை தடவை சொல்வது! விண்டோஸ் குறிகளை எண்ணும் (எழுத்தும் அதன் கால், கொம்பு, புள்ளியும் தனித்தனிக் குறி), 255 வரை விடும். லினக்ஸ் பைட்டை எண்ணும், அதிலும் வரம்பு 255. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘கொ’ என்பதே இரண்டு குறி. ‘கொழுந்து’ நமக்கு 4 எழுத்து, லினக்ஸுக்கு 24 பைட். ‘கொழுந்து எடைப் பட்டியல் ஜூலை இரண்டாம் வாரம் திருத்தியது மேலாளர் பார்த்தது இறுதி கடைசி புதியது’ என்று எக்செல் கோப்புக்குப் பெயர் வைத்தால், 47 எழுத்துதான், ஆனால் ‘.xlsx’ என்ற வாலோடும் இடைவெளிகளோடும் சேர்த்து 262 பைட். நிற்காமல் என்ன செய்யும்?

எது கடைசி என்று காட்டத்தான் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. அதைப் பெயரில் எழுதாதீர்கள். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் எல்லாப் பெயர்களையும் யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணிப் பட்டியல் எடுத்து, 200-ஐத் தாண்டியவற்றைப் பழைய சர்வரிலேயே மாற்றுங்கள். அப்லோடிலும் குப்பைக்குத் தள்ளும்போதும் நெக்ஸ்ட்கிளவுடு பெயரோடு தன் ஒட்டைச் சேர்க்கும். அதற்கும் இடம் வேண்டும். ‘2024-07-2 கொழுந்து எடை’ போதும். புதிய இடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் கோப்பு அங்கே வந்தே இருக்காது.

நெக்ஸ்ட்கிளவுடு 25-லிருந்து ஒரே தாவாக 30? (பந்தலூர்)

கூடாது. 26, 27 என்று ஒவ்வொன்றாக. நெக்ஸ்ட்கிளவுடை ஓட்டும் பிஎச்பி 8.1 இருந்தால் இடையில் அதை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு படிக்கும் முன் டேட்டா, டேட்டாபேஸ், கான்ஃபிக் மூன்றையும் பேக்கப் எடுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

புதியது நன்றாக ஓடுகிறது. பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா? (கோத்தகிரி)

கணக்குப் பிரிவு ஒரு காலாண்டை முடிக்கும்வரை தொடாதீர்கள். நம் மலை ஈரத்தில் சும்மா அலமாரியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்; காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.