புகைமூட்டம் வரும்போது தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் ஐபியு (மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு) எண்ணை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அது எந்த நேரத்துக் காற்றைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் வளர்ந்தவன். 2005 ஆகஸ்டில் ஐபியு 500-ஐத் தாண்டி, எங்கள் பக்கமும் போர்ட் கிள்ளானிலும் அவசரகாலம் அறிவித்தார்களே, அப்போது லயத்து வீட்டில்தான் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்தோம். சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை கடல் தாண்டி வந்து எங்கள் வாசலில் படுத்துக்கொண்டது. அறிவிப்பு வந்த நாள் வரை அப்பா குலை வெட்டப் போனார். டன் கணக்கில் சம்பளம். வீட்டில் உட்கார்ந்தால் யார் தருவார்கள்?

சரி, எண்ணுக்கு வருகிறேன். புகைத் துகளுக்கான ஐபியு, முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. மணிக்கொரு முறை மாறினாலும் சராசரி சராசரிதான். விடியற்காலையில் காற்று அசையாமல் புகை தரையோடு படிந்து கிடக்கும். கைப்பேசி 90 என்று காட்டும், அதாவது 'மிதம்'. அந்நேரம் வெட்டுக்குப் போகிறவர் இழுக்கும் மூச்சு அந்த 90 அல்ல. மறுநாள் மழை பெய்து வானம் வெளுத்த பிறகும் எண் இறங்க மனமில்லாமல் நிற்கும். 2019-இல் அக்காள் மகன் படித்த பள்ளியில், எண் இன்னும் 100-ஐத் தொடவில்லை என்று பிள்ளைகளைத் திடலில் ஓடவிட்டார்கள். சாயங்காலமே அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. விதிப்படி அவர்கள் செய்ததில் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

இன்னொன்று, அளக்கும் நிலையம் எங்கோ பட்டணத்துப் பக்கம் இருக்கும். பக்கத்திலேயே கரிமண் (மக்கிய செடிகொடி சேர்ந்த சதுப்பு மண்) நிலம் எரிந்தால் அதற்குத் தெரிய நேரமாகும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்ட சதுப்பு நிலத்தில் தீ மண்ணுக்குள்ளேயே நகரும். மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும், நான்கு நாள் கழித்து வேறு இடத்தில் புகையும்.

அதனால் நான் எண்ணோடு கண்ணையும் வைத்துக்கொள்கிறேன். வாசலிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி கிட்டத்தில், ஆலைப் புகைபோக்கி தூரத்தில். புகைபோக்கி மறைந்தால் பெரியவர்கள் வெளியே சுற்ற வேண்டாம். தொட்டியே மங்கினால் எண் என்ன சொன்னாலும் என்95 மாஸ்க். (காலைப் பனியும் மறைக்கும், மூக்கைக் கேளுங்கள்.) ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டால் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் நுண்துகளை அது தடுக்காது.

லயத்து வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கையளவு சந்து இருக்கும், முழு வீட்டையும் அடைக்க முடியாது. ஒரு அறையை மட்டும் அடைத்து, பிள்ளைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் அங்கே படுக்க வையுங்கள். உள்ளே கொசுவர்த்தி வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். வாசலோடு காட்டிவிட்டு வர ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.